வெப்பத்தின் முன் பூச்சியும் அதன் உடனுறைக் கிருமியும்

கோடை வந்தால் பூச்சிகள் பெருகும் என்பது நம்மிடையே பொதுவாக நிலவும் அபிப்பிராயம். ஈயோடும் எறும்போடும் கரப்பானோடும் போராடிச் சலித்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஓரளவு வரையில் அது விஞ்ஞானத்துக்கும் உடன்பாடானதே. பூச்சிக்குத் தனக்கென்று நிலையான உடற்சூடு கிடையாது. சுற்றுப்புறத்தின் சூடே ஏறத்தாழ அதன் உடலின் சூடும் ஆகும். ஆகையால் காற்று வெதுவெதுப்படையும்போது அதன் ஜீரணமும் வளர்ச்சியும் இனவிருத்தியும் வேகம் பெறுகின்றன. ஆனால் மார்கழியிலும் தை மாதத்திலும் அவரைக் கொடியின் கொழுந்திலும் பூங்கொத்திலும் கருகருவென்று அப்பிக்கிடந்த அசுவினி, பங்குனி வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோவதைக் கவனித்திருக்கும் தோட்டக்காரர், அந்த அபிப்பிராயம் எல்லாப் பூச்சிக்கும் பொருந்தாது என்பதை அறிவார். கொடி முற்றிவிடுவதும், பொறிவண்டு அவற்றைத் தின்று தீர்ப்பதும், சாறு வற்றுவதும் அந்த மறைவுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுவன. அவற்றோடு, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி வெளிப்படுத்தியிருக்கும் மற்றொரு காரணத்தையும் சேர்த்து எண்ண இடமிருக்கிறது. ஒரு பூச்சி இவ்வளவு வெப்பம்தான் தாங்கும் என்று நாம் வகுக்கும் எல்லை, பல சமயங்களில் அந்தப் பூச்சிக்கு உரியதே அன்று; அதன் உடலுக்குள் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்துவரும் பாக்டீரியாவுக்கு உரியது. அந்த பாக்டீரியா வெயிலுக்கு இவ்வளவு நலிந்துபோயிருப்பதற்கோ, பூச்சியின் உடலில் அதற்குக் கிடைத்த பத்திரமான வாழ்வே மூலகாரணம்.

முதலில் பூச்சியைத் தனியே எடுத்துக்கொள்வோம். வெப்பத்தை எதிர்க்கும் சாதனங்கள் அதற்கு இல்லாமற் போகவில்லை. நிழலை நாடுகிறது, மண்ணுக்குள் இறங்குகிறது, இலையின் மேற்புறத்தை விட்டு அடிப்புறத்துக்கு நகர்கிறது, மேல்தோலின் மெழுகுப் படலத்தால் உடலின் நீர் ஆவியாகாமல் காத்துக்கொள்கிறது. இவை போதாதபோது உயிரணுக்களுக்குள்ளேயே ஒரு தற்காப்பு ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரிட்டோசா பழ ஈயின் புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த நாட்களில், சக ஊழியர் ஒருவர் வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தைத் தற்செயலாக உயர்த்திவிட, அந்தப் புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய குரோமோசோம்களில் அதுவரை காணாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருப்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டார். அதைப் பற்றி அவர் 1962இல் வெளியிட்ட சிறு குறிப்பிலிருந்து வளர்ந்ததுதான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பற்றிய இன்றைய அறிவு முழுவதும். சூடு மிகும்போது உயிரணுவிலுள்ள புரதங்கள் தம் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகின்றன. அப்படிக் குலையாமல் தாங்கிப் பிடிக்கவும், குலைந்தவற்றை மீண்டும் மடித்துச் சீராக்கவும் தனியாகச் சில புரதங்கள் அவசரமாக உற்பத்தியாகின்றன. பாக்டீரியாவிலிருந்து மனிதன் வரையில் இந்த ஏற்பாடு பொதுவானது.

பாக்டீரியாவின் உதவியோ குறுக்கீடோ இல்லாமல் பூச்சியே நேராக வெப்பத்துக்குத் தோற்கும் இடங்களும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். மாவிலும் ரவையிலும் நெளியும் சிவப்பு மாவு வண்டை ஐந்து நாள் 42 டிகிரி வெப்ப அலைக்கு உள்ளாக்கிய ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள், ஆண் வண்டுகளின் இனவிருத்திச் சக்தி பாதியாகக் குறைந்துவிட்டதையும், இரண்டாம் முறை அதே வெப்பத்தில் வைத்தபோது அவை ஏறக்குறைய மலடாகிவிட்டதையும் 2018இல் அறிவித்தார்கள். வெப்பத்தின் பலி என்பது செத்து விழுந்த உடல்களின் எண்ணிக்கையல்ல, பிறக்காமற் போன சந்ததியின் எண்ணிக்கை என்ற பாடத்தை அந்த வண்டு நன்றாகவே கற்பிக்கிறது. உடனுறைக் கிருமிகளின் விஷயத்தில் இந்தப் பாடம் இன்னும் அழுத்தமாக வரும்.

பூச்சிகளுக்குள் கிருமிகள் நோயாக இல்லாமல் துணையாகவும் வாழ்கின்றன என்ற உண்மையை ஒரு தனிச் சாஸ்திரமாகவே எழுப்பியவர் ஜெர்மானிய விலங்கியலறிஞர் பால் புக்னர். 1886இல் பிறந்து 1978 வரை வாழ்ந்த அந்தப் பெரியவர், தம் நீண்ட ஆயுளின் பெரும்பகுதியைப் பேன், வண்டு, தத்துப்பூச்சி, செதிற்பூச்சி முதலியவற்றின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் கிருமி உறைவிடங்களை வெட்டிப் பார்த்து வரைவதிலேயே செலவிட்டார். அவர் கண்ட பொது நியதி எளிமையானது: ஒருபக்கச் சத்து மட்டுமே உள்ள உணவை வாழ்நாள் முழுவதும் உண்ணும் பூச்சியிடம் தவறாமல் ஒரு துணைக் கிருமி இருக்கிறது. அசுவினி செடியின் உட்குழாய்களில் ஓடும் சாற்றை மட்டுமே குடிக்கிறது. அதில் சர்க்கரை அபரிமிதம். உடல் வளர இன்றியமையாத அமினோ அமிலங்களோ மிகச் சொற்பம். அந்தக் குறையை நிரப்புவது அதன் வயிற்றறைக்குள் அதற்கென்றே அமைந்த பெரிய உயிரணுக்களில் அடைந்து வாழும் பாக்டீரியா. 1991இல் அதற்கு இடப்பட்ட புக்னெரா என்னும் பெயர் அந்தப் பெரியவரின் ஞாபகார்த்தம். புக்னெரா இல்லாத அசுவினி சாகாமல் சிலகாலம் கிடக்கும்; ஆனால் வளராது, ஈனாது.

இந்த உறவு பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அசுவினி பெரும்பாலும் ஆணின் சேர்க்கையின்றியே குட்டி ஈனும் பிராணி. தாயின் வயிற்றில் கரு வளரும்போதே புக்னெரா அந்தக் கருவுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த வழியைத் தவிர வேறு வழியே அதற்கு இல்லை. வெளியுலகை அது பார்த்ததில்லை. வேறு பாக்டீரியாவோடு ஜீன்களைக் கொடுத்து வாங்கியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பத்தில் ஒருமுறை புகுந்த கோளாறு வெளியேற வழியின்றித் தங்கிவிடுவது போல, இதன் பரம்பரைச் சொத்திலும் சிறு சிறு பழுதுகள் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பட்டாணி அசுவினியின் புக்னெராவை முழுவதும் படித்தபோது, அதன் டி.என்.ஏ. சுமார் 6,40,000 எழுத்துகளே கொண்டது என்றும், ஜீன்கள் அறுநூற்றுக்கும் குறைவு என்றும் தெரிந்தது. அதன் உறவினமும் நம் குடலில் வாழ்வதுமான ஈ. கோலை பாக்டீரியாவுக்கோ 46 லட்சம் எழுத்துகளும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஜீன்களும் இருக்கின்றன. அசுவினிக்குத் தேவையான அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஜீன்களை விடாமல் வைத்துக்கொண்டு, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஜீன்களில் பெரும்பாலானவற்றைப் புக்னெரா இழந்துவிட்டிருக்கிறது. எஞ்சிய புரதங்களும் அவ்வளவு உறுதியானவை அல்ல. பழுதுபட்ட எழுத்துகளிலிருந்து உருவாவதால் சிறிது சூடேறினாலும் குலையக்கூடியவை. இந்தப் பலவீனத்துக்கு ஈடாக, குலைந்ததை மடித்துச் சீராக்கும் ஒரு புரதத்தைப் புக்னெரா குளிர் வெப்பம் என்ற பேதமின்றி எப்போதும் ஏராளமாக உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. எல்லா நாளும் நெருக்கடி நாளாகவே வாழும் ஜீவன் அது; ஆகவே உண்மையான நெருக்கடி வரும்போது மேற்கொண்டு செய்ய அதனிடம் அதிகம் இல்லை. மற்ற பாக்டீரியாக்கள் சூடேறியதும் பத்துக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிட, புக்னெராவோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றையே முடுக்குகிறது.

அந்தச் சிலவற்றுள் ஒன்றைச் சுற்றி நடந்ததுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிரமிப்பூட்டும் ஆராய்ச்சி. அரிஸோனா சர்வகலாசாலையில் நான்சி மோரான் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்டது அது. புக்னெராவிடம் வெப்ப அதிர்ச்சியைச் சமாளிக்கும் ஒரு சிறு புரதத்துக்கான ஜீன் இருக்கிறது. அந்த ஜீனை இயக்கத் தொடங்கும் பகுதியில் ஒரே எழுத்து வரிசையாகப் பல தடவை வருகிறது. அந்த வரிசையில் ஓர் எழுத்து, ஆம், ஆறு லட்சத்துச் சொச்சம் எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து, சில அசுவினிகளின் புக்னெராவில் விட்டுப்போயிருந்தது. அந்த எழுத்து இல்லாவிட்டால் வெப்பம் ஏறும்போது அந்த ஜீன் விழித்துக்கொள்வதில்லை. விளைவைப் பாருங்கள். இளம் அசுவினிகளை 35 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து, பிறகு எடுத்துப் பழையபடி குளிர்ந்த அறையில் செடியின் மேல் விட்டார்கள். அவை சாகவில்லை. தோலுரித்தன; சாறு குடித்தன; பருவமடைந்தன. ஆனால் எழுத்து குறைந்த புக்னெராவைச் சுமந்தவை ஒரு குட்டிகூட ஈனவில்லை, அல்லது ஒன்றிரண்டு ஈன்றதோடு நின்றுவிட்டன. முழு எழுத்துள்ள புக்னெராவைச் சுமந்த அவற்றின் சகோதரிகளோ அதே வெப்பத்தைக் கடந்துவந்து வழக்கம்போல் ஈன்றன. ஒரே பிற்பகலின் வெப்பம், அந்த ஜீவன் இன்னும் ஈனவே தொடங்காத ஒரு வம்சத்தை அழித்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கோ அன்று ஒன்றுமே நடக்கவில்லை.

அவ்வளவு பெரிய தீங்கு விளைவிக்கும் இந்தக் குறை ஏன் இயற்கையிலிருந்து துடைத்தெறியப்படாமல் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வயல்களிலிருந்து பிடித்துவந்த அசுவினிகளிலும் அது காணப்பட்டதே காரணம் தேடத் தூண்டியது. விடையும் அதே ஆராய்ச்சியில் கிடைத்தது: 15 டிகிரி, 20 டிகிரி போன்ற குளிர்ந்த நிலையில் எழுத்து குறைந்தவை மற்றவற்றைவிட விரைவாகப் பெருகுகின்றன. ஆகவே குளிரான வருஷங்களில் ஒரு வகையும், வெயில் கடுமையான வருஷங்களில் மற்றொரு வகையும் மேலோங்கி, இரண்டும் மாறி மாறி நிலைபெறுகின்றன. பூச்சியின் தலைவிதியை அதன் சொந்த ஜீன்கள் அல்ல, அதன் வயிற்றிலிருக்கும் பாக்டீரியாவின் ஜீன்களே நிர்ணயிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஐயப்படுவோர்க்கு ஒரு நிரூபணம் பாக்கியிருந்தது. அதையும் மோரானும் யுன் என்பவரும் 2015இல் கொடுத்தார்கள். வெப்பம் தாங்காத அசுவினியிலிருந்து அதன் புக்னெராவைச் சூட்டினாலேயே நீக்கிவிட்டு, வெப்பம் தாங்கும் அசுவினியின் புக்னெராவை நுண்ணிய ஊசியால் அதற்குள் செலுத்தினார்கள். தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்த சொத்து, முதன்முறையாக மனிதன் கையால் வேறு குலத்துக்கு மாறியது. புதிய புக்னெராவைப் பெற்ற வம்சம் வெப்பத்தைத் தாங்கி ஈன்றது.

புக்னெராவைத் தவிர அசுவினிக்கு இன்றியமையாதவை அல்லாத, இருந்தால் நன்மை செய்யும் வேறு சில கிருமிகளும் உண்டு; எல்லா அசுவினியிடமும் அவை இருப்பதில்லை. அவற்றுள் செராஷியா என்பது கலிபோர்னியாவின் பட்டாணி அசுவினிகளில் வெப்பத்தின் கடுமையைக் குறைக்கிறது என்று 2002இல் தெரியவந்தது. அது எப்படி என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது விசித்திரமானது: வெப்பம் ஏறியதும் செராஷியா பெருங்கூட்டமாகத் தானே வெடித்துச் சிதைந்துபோகிறது, அதன் உள்ளிருந்த பொருள்கள் அசுவினியின் உடல் திரவத்தில் கலக்கின்றன, அவையே புக்னெராவைக் காக்கின்றன என்று அவர்கள் கருதுகிறார்கள். இதைத் தியாகம் என்று வர்ணிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். அந்த ஆசைக்கு இடங்கொடுக்காமல், பாதிக் கிருமிகள் செத்தாலும் மீதிக் கிருமிகளுக்கும் அவற்றைச் சுமக்கும் பூச்சிக்கும் பிழைப்பு கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தாலே போதும். ஹாமில்டனெல்லா என்ற மற்றொரு துணைக் கிருமியின் கதை நேர்மாறானது. அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் ஒட்டுண்ணிக் குளவியின் புழுவைக் கொன்று அது அசுவினியைக் காக்கிறது. ஆனால் வெப்பம் உயர்ந்தால் இந்தக் காவல் பல சமயங்களில் தளர்ந்துபோகிறது. அதே வெயில் குளவியையும் பாதிக்கும் என்பதால், வெப்பத்தால் லாபம் யாருக்கு என்று ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்ல இயலாது. வெள்ளை ஈயில் காணப்படும் ரிக்கெட்ஸியா என்னும் கிருமி அந்த ஈயின் வெப்பம் தாங்கும் திறனை உயர்த்துகிறது என்பதை இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2011இல் காட்டினார்கள். பருத்திக்கும் கத்தரிக்கும் வெள்ளை ஈயால் வரும் துன்பத்தை அறிந்தவர்கள் இச்செய்தியில் மகிழ்ச்சியடைய மாட்டார்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உயிரணுவுக்குள்ளேயே அடைந்து வாழும் கிருமிகளைப் பற்றியவை. குடலில் வாழ்பவற்றின் நிலைமையும் மேலானதல்ல என்பதைக் காட்டியது பச்சை நாவாய்ப்பூச்சி. நெல், பயறு, தக்காளி என்று எதையும் விடாமல் குத்திச் சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சியின் நடுக்குடலின் கடைசிப் பகுதியில் வரிசை வரிசையாகச் சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒருவகை பாக்டீரியா நிறைந்திருக்கிறது. தாய் முட்டையிடும்போது முட்டை ஓட்டின் மேல் அதைப் பூசிவிட, பொரிந்து வந்த குஞ்சு ஓட்டை நக்கி அதைப் பெற்றுக்கொள்கிறது. ஜப்பானில் கியோட்டோ நகரத்தில், வெளியே அன்றன்று நிலவும் வெப்பத்தை அப்படியே பின்பற்றி, ஆனால் அதைவிட 2.5 டிகிரி மட்டும் கூடுதலாக இருக்கும்படி அமைத்த பெட்டிகளில் இப்பூச்சிகளை வளர்த்தார்கள். இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்தக் கூடுதல் வெப்பம் நன்மையாகவே முடிந்தது. நடுக்கோடையில் வளர்ந்தவையோ குறுகிய உடலோடும், தாமதமான வளர்ச்சியோடும், பச்சைக்குப் பதிலாக வெளிறிய மஞ்சள் நிறத்தோடும் வெளிவந்தன. பல பருவமடையாமலே மடிந்தன. அவற்றின் குடற்பைகளைப் பிரித்துப் பார்த்த ஜப்பானிய விஞ்ஞானி கிகுச்சியின் குழுவினர், அங்கே பாக்டீரியா வெகுவாகக் குறைந்திருக்கக் கண்டார்கள். இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது: வெப்பத்தால் பூச்சி நலிந்து, அதனால் பாக்டீரியா குறைந்ததா, அல்லது பாக்டீரியா குறைந்ததால் பூச்சி நலிந்ததா? அதைத் தீர்க்க, இதமான வெப்பத்தில் வளரும் பூச்சிகளுக்கு ஆண்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவை மட்டும் குறைத்தார்கள். வெயிலே படாத அந்தப் பூச்சிகளும் அதே குறுகிய உடலையும் அதே மஞ்சள் நிறத்தையும் பெற்றன. 2016இல் வெளியான இந்த முடிவு, வெறும் இரண்டரை டிகிரியைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்ற உதாரணங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்கக் காடுகளில் மரத்தைக் குடையும் ஒருவகைக் கட்டெறும்பைச் சுமார் 38 டிகிரியில் சில வாரங்கள் வைத்தால் அதன் குடற்புறத்து பாக்டீரியா ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடுகிறது. நெற்பயிரைப் புகைத்தது போல் காயவைக்கும் புகையானுக்குத் துணையாக இருப்பது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட்டைப் போன்ற பூஞ்சை. அதையும் 35 டிகிரியில் வைத்துக் குறைப்பது ஆராய்ச்சிக்கூடங்களில் நெடுநாளைய வழக்கம். நம் வீட்டு அரிசி வண்டின் விஷயம் சற்று நின்று பார்க்கத் தக்கது. தானியத்தில் அருகியிருக்கும் ஒருவகை அமினோ அமிலங்களை அதன் உடனுறை பாக்டீரியா தாராளமாக அளிக்கிறது. புதிதாக வெளிவந்த வண்டின் மேலோடு கறுத்து இறுகுவதற்கு அவையே மூலப்பொருள். ஓடு இறுகி முடிந்ததும் வண்டு தன் குடலிலிருக்கும் அந்த பாக்டீரியாவைத் தானே ஜீரணித்துத் தீர்த்துவிடுகிறது. முட்டைகளுக்குள் போகவேண்டியதை மட்டும் விட்டுவைக்கிறது. நன்றியுணர்ச்சி பற்றிய நம் இலக்கணங்கள் வண்டுக்குத் தெரியா. பிரெஞ்சு விஞ்ஞானி நார்டோன் 1970களிலேயே, இந்த வண்டுகளை ஈரம் மிகுந்த 35 டிகிரி வெப்பத்தில் வளர்த்துப் பாக்டீரியா அற்ற வம்சங்களைப் பெற்றார். அவை பிழைத்தன, ஆனால் மெதுவாக வளர்ந்தன, ஓடு வெளிறி மெலிந்திருந்தது, பறக்கும் சக்தி குன்றியிருந்தது. அசுவினியின் வம்சத்துக்கு மரணதண்டனையாவது அரிசி வண்டுக்கு அபராதத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம், இந்த பாக்டீரியா வண்டோடு சேர்ந்து சில பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்பதும், வண்டு உண்ணும் தானியம் செடிச்சாற்றைப் போல அவ்வளவு வறியதல்ல என்பதுமே. சித்திரை வெயிலில் முறத்திலும் பாயிலும் அரிசியைப் பரப்பி வண்டை விரட்டும் நம் இல்லத்தரசிகளின் வழக்கம் இந்த நுட்பத்தை நம்பியதல்ல. அங்கே வண்டு நேரடியாகவே சூடு தாங்காமல் ஓடுகிறது.

வெப்பத்துக்கு அஞ்சாத உடனுறைக் கிருமிகளும் இல்லாமல் இல்லை. தேனீயின் அடையில் புழுக்கள் வளரும் பகுதி வெளியே என்ன வெயிலடித்தாலும் 34 முதல் 36 டிகிரிக்குள் காக்கப்படுகிறது. வெப்பம் மிகுந்தால் வேலைக்காரத் தேனீக்கள் நீர் கொண்டுவந்து தெளித்துச் சிறகால் விசிறுகின்றன. அந்தச் சூட்டிலேயே பழகிய அவற்றின் குடல் பாக்டீரியாவுக்கு அசுவினியை மலடாக்கும் 35 டிகிரி சாதாரண நாள். ஆகவே கிருமிகள் இயல்பாகவே மென்மையானவை என்று முடிவு கட்டுவது தவறு. சேர்ந்து வாழும் பூச்சி எந்த வெப்பத்தில் வாழ்ந்ததோ அந்த வெப்பத்துக்கே அவை பழகியிருக்கின்றன. தனித்து வாழும் பாக்டீரியா தன் பழக்கத்தை விரைவில் மாற்றிக்கொள்ளக்கூடும், அடைபட்டு வாழ்வது அப்படி மாற்றிக்கொள்ள வழியற்றது என்பதுதான் வித்தியாசம்.

இந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் படிக்கும்போது அவற்றின் முறையைப் பற்றி ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. பழைய பரிசோதனைகளில் பல, பூச்சியை இருபத்துநான்கு மணி நேரமும் மாறாத ஒரே வெப்பத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அப்படி ஒரு நாள் உலகத்தில் எந்த ஊரிலும் விடிவதில்லை. ஒரு மாதத்தின் சராசரி வெப்பத்தைச் சொல்லிவிட்டு அதிலிருந்து பூச்சியின் எதிர்காலத்தைக் கணிப்பதும் இதே ரகத்தைச் சேர்ந்தது. புக்னெராவைக் கொல்வது சராசரி அல்ல, பிற்பகல் இரண்டு மணி. அதே சமயம், வானிலை நிலையத்தின் நிழற்பெட்டியில் 41 டிகிரி என்று பதிவாகும் வேலூரிலோ கரூர் பரமத்தியிலோ, நீர் பாய்ந்த பயிரின் இலையடிப்புறம் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கவும், வறண்ட மண்ணின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கொதிக்கவும் கூடும். பூச்சி வாழ்வது பத்திரிகையில் வரும் வெப்பத்தில் அல்ல, அந்த இலையிலும் அந்த மண்ணிலும்தான். உஷ்ணமண்டலத்துப் பூச்சிகள் ஏற்கெனவே தம் உச்ச வரம்பை ஒட்டியே வாழ்கின்றன, ஆகவே சிறு வெப்ப உயர்வும் குளிர்நாட்டுப் பூச்சிகளைவிட அவற்றையே அதிகம் பாதிக்கும் என்று 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் டாய்ட்ஷும் சகாக்களும் எழுதியது மிகவும் மேற்கோள் காட்டப்படும் முடிவு. அதில் உடனுறைக் கிருமியின் கணக்கு சேரவில்லை. சேர்த்தால் வரம்பு இன்னும் கீழே இறங்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

இந்த விசாரணை வெறும் வித்துவ வினோதமாக நின்றுவிடாமல் பொதுமக்களின் வாழ்வைத் தொடும் இடம் கொசு. பாஸ்டன் நகரத்துச் சாக்கடைக் கொசுவின் இனவிருத்தி உறுப்புகளில் 1924இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் கண்ட ஒரு பாக்டீரியா, பின்னர் வோல்பாக்கியா என்று பெயர் பெற்றது. பூச்சியினங்களில் மிகப் பலவற்றில் அது பரவியிருக்கிறது. தனக்கு இருப்பிடம் தரும் பூச்சியின் இனவிருத்தியைத் தன் பரவலுக்கு ஏற்ப வளைப்பதே அதன் தொழில். கலிபோர்னியாவில் ஆணே இல்லாமல் பெண்ணாகவே பிறந்துவந்த முட்டை ஒட்டுண்ணிக் குளவிகளை வெப்பத்தில் வளர்த்ததும் ஆண் பிறக்கத் தொடங்கியதை ஆராய்ச்சியாளர் ஸ்டௌட்ஹாமர் 1990இல் காட்டினார். ஆண்டிபயாடிக் செய்ததையே வெப்பமும் செய்தது, ஏனெனில் அந்த விபரீதத்துக்குக் காரணமான வோல்பாக்கியா இரண்டாலும் அழிந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயற்கையாக வோல்பாக்கியா கிடையாது. அதன் முட்டைக்குள் பழ ஈயின் வோல்பாக்கியாவை ஊசியால் செலுத்தினால், அந்தக் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைப்படுகிறது. அந்தக் கொசுவை ஊரில் விட்டால் சில மாதங்களில் ஊர்க் கொசுக்கள் ஏறக்குறைய முழுவதிலும் வோல்பாக்கியா பரவிவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்தில் 2011இல் தொடங்கிய முயற்சி காட்டியது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஒழுங்காக நடத்தப்பட்ட பரிசோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டபோது, உலகம் இதைப் பெரிய நம்பிக்கையோடு நோக்கத் தொடங்கியது. இலங்கையில் கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளிலும் இந்தக் கொசுக்கள் விடப்பட்டன.

மெல்போர்ன் சர்வகலாசாலையில் பெரன் ராஸும் சகாக்களும் செய்தது, இந்த நம்பிக்கையைக் கலைக்காமல் அதன் எல்லையைக் குறித்துக் காட்டியது. வெயில் படும் சிறு பாத்திரத்திலுள்ள நீர் இரவில் 26 டிகிரிக்கும் பகலில் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்குவதைப் போலவே ஆராய்ச்சிக்கூடத்தில் நீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கி, அதில் கொசுப்புழுக்களை வளர்த்தார்கள். பழ ஈயிலிருந்து வந்த மெல் வகை வோல்பாக்கியா அந்தச் சுழற்சியில் தேய்ந்தது; கொசு வாழ்நாள் முழுவதும் அந்தச் சூட்டிலேயே இருந்தபோது, தாயிடமிருந்து சந்ததிக்குப் போவதே நின்றுவிட்டது. ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த ஆல்ப்-பி வகை பெரும்பாலும் நிலைத்து நின்றது. கொசு செத்துப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டெங்குவைத் தடுக்கும் காவல் மட்டுமே அதனிடமிருந்து கழன்றுவிட்டது. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸில் வெப்பம் 42 டிகிரியையும் தாண்டிய ஒரு வெப்ப அலை வந்தது. ஒரு வாரம் கழித்துப் பாத்திரங்களிலிருந்து எடுத்த புழுக்களில் 83 சதவீதத்தில்தான் வோல்பாக்கியா இருந்தது. ஐந்து மாதங்களில் அது மறுபடி ஏறக்குறைய நூறு சதவீதத்துக்கு மீண்டது. இயற்கையில் எல்லாப் பாத்திரமும் வெயிலில் இருப்பதில்லை; நிழலில் இருந்த தொட்டிகளிலிருந்து எழுந்த கொசுக்கள் இழப்பை ஈடு செய்தன. ஆயினும் கெய்ர்ன்ஸில் அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம்; அவை அடிக்கடி வரும் ஊரில் இப்படி மீள முடியுமா என்பது வேறு கேள்வி.

மலேசியர்கள் இரு வகைகளுக்கும் இடையிலான இந்த வேற்றுமையை முன்கூட்டியே மனத்தில் கொண்டு, கோலாலம்பூரைச் சுற்றிய இடங்களில் ஆல்ப்-பி வகையையே தேர்ந்தெடுத்தார்கள். அங்கே டெங்கு சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2019இல் வெளிவந்தது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும், மெல், ஆல்ப்-பி என்ற இரண்டு வகை வோல்பாக்கியாவையும் உள்ளூர் ஏடிஸ் கொசுவில் நிலைப்படுத்திய இரு வம்சங்களைத் தயாரித்திருப்பதாக 2022இல் அறிவித்தது. இரண்டையும் தயாரித்தது விவேகமான காரியம். ஆனால் ஆல்ப்-பி வகை வெயிலைத் தாங்குகிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்காகக் காத்திருந்து, மறுபடி நீர் நிரம்பியதும் பொரிக்கக்கூடியது. அப்படி நெடுநாள் வறட்சியில் கிடந்த முட்டையிலிருந்து வந்த ஆல்ப்-பி வகைப் பெண் கொசுக்களில் கணிசமானவை மலடாகிவிடுகின்றன என்பதையும் மெல்போர்ன் குழுவினர் 2021இல் காட்டினார்கள். ஊர்க் கொசுக்களுக்கு இந்தக் குறை கிடையாது. தமிழ்நாட்டின் கடற்கரை நகரங்களில் வெப்பம் மிகும் சித்திரை, வைகாசி மாதங்களே தொட்டிகளும் மண்பானைகளும் வற்றிக்கிடக்கும் மாதங்களும் ஆகும். ஆகவே இங்கே ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க முற்படுபவர்கள், நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியின் நீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதோடு, அந்தத் தொட்டி ஆண்டில் எத்தனை வாரம் வறண்டு கிடக்கிறது என்பதையும் வீடு வீடாக அளந்து பார்த்துத்தான் தீர வேண்டும்.